பழைய காரின் இரைச்சல்: அடைப்பதற்கு முன் பிரித்தறிய வேண்டும்

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய சிறிய கார் ஒன்றில் நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நம் காதில் விழுவது ஒரே சத்தம் போலத் தோன்றும். உண்மையில் டயர் சாலையில் உருளும் இரைச்சல், கண்ணாடி ஓரங்களில் சீறும் காற்று, இன்ஜினின் உறுமல், கதவுத் தகடுகளின் அதிர்வு, எங்கோ தளர்ந்துபோன ஒரு பிளாஸ்டிக் துண்டின் கிரீச்சொலி ஆகிய எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வருகின்றன. கார் உபகரணக் கடைக்குச் சென்று வண்டிக்குள் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று சொன்னால், இவை அனைத்துக்கும் ஒரே மருந்தாக, ஒரு பக்கம் வெள்ளித் தாளும் மறுபக்கம் கரும்பசையும் கொண்ட, தகட்டின் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டை எடுத்துக் காட்டுகிறார்கள். அந்த ஷீட்டுக்கென்று ஒரு வேலை இருக்கிறது. அதை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் பழைய காரின் இரைச்சலில் பெரும்பங்கு அந்த ஷீட்டின் எல்லைக்குள் வருவதில்லை என்பதும், அதைக் குறைப்பதில் பாதிக்கு மேல் பழுதுபார்ப்பு வேலைதான் என்பதும் என் கருத்து.

என்னிடம் இருப்பது 2009-ஆம் ஆண்டின் பெட்ரோல் ஹாட்ச்பேக். இன்ஜின் நன்றாக இருக்கிறது. முழங்கால் வலி உள்ள அம்மா சிரமமின்றி ஏறி இறங்கும் உயரத்தில் இருக்கை இருக்கிறது. நகரத்துச் சந்துகளில் எளிதாகத் திரும்புகிறது. ஆகவே மாற்றும் எண்ணம் இல்லை. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும்போது பின் இருக்கையில் இருக்கும் அம்மா ஏதாவது சொன்னால், "என்னம்மா?" என்று மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது, பெருங்களத்தூர் தாண்டிய பிறகு இருவரும் பேசுவதையே விட்டுவிடுவோம். எனக்கு வேண்டியிருந்தது முழு அமைதி அன்று. முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் நடுவே குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும், அவ்வளவே. இந்த இலக்கை முதலில் தெளிவாக வைத்துக்கொண்டால், எங்கே செலவு செய்வது, எங்கே நிறுத்துவது என்பது எளிதாகிவிடும்.

வேலையில் இறங்குவதற்கு முன் ஒலியை அளக்கும் அலகான டெசிபலின் கணக்கைக் கொஞ்சம் புரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் அந்தக் கணக்கு நம் சாதாரணக் கூட்டல் போல நடந்துகொள்வதில்லை. ஒரே அளவுள்ள இரண்டு சத்தங்கள் சேர்ந்தால் மொத்தம் இரட்டிப்பாகாது, 3 டெசிபல்தான் கூடும். 10 டெசிபல் குறைந்தால்தான் காதுக்குச் சத்தம் ஏறத்தாழப் பாதியானதாகத் தோன்றும். எடுத்துக்காட்டாக, ஒரு காருக்குள் டயர் இரைச்சல் 70 டெசிபல், காற்று 64, இன்ஜின் 62 என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் சேர்ந்து சுமார் 71.5 வரும். இப்போது பணத்தைக் கொட்டி இன்ஜின் சத்தத்தை முற்றிலுமாக இல்லாமல் ஆக்கிவிட்டாலும் மொத்தம் 71 ஆகத்தான் இறங்கும். அந்த அரை டெசிபல் வேறுபாட்டை யாருடைய காதும் உணராது. மாறாக, டயர் இரைச்சலை 5 டெசிபல் மட்டும் குறைத்தால் மொத்தம் 68.6-க்கு வந்துவிடும். மிகப் பெரிய சத்தம் எதுவோ அதைத் தொடாமல் மற்றவற்றில் செய்யும் வேலை வீண் என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன. பானெட்டின் அடியில் ஷீட் ஒட்டிவிட்டு வித்தியாசமே தெரியவில்லை என்று பலர் நொந்துகொள்வதன் காரணமும் இதுதான்.

ஆகவே முதல் வேலை பிரித்தறிதல். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஆளில்லாத நேரான சாலையும் பேசாமல் உடன் வரும் ஒருவரும் போதும். 80-இல் போய்க்கொண்டிருக்கும்போது, பின்னால் வண்டி இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, சாவியைத் தொடாமல் கியரை மட்டும் நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால் இன்ஜின் ஐடிலுக்கு இறங்கிவிடும். அப்போதும் இரைச்சல் அப்படியே இருந்தால் அது இன்ஜினிலிருந்து வரவில்லை. நம் நெடுஞ்சாலைகளில் சுங்கச்சாவடியை நெருங்கும்போது தார் முடிந்து கான்கிரீட் தொடங்கும் இடங்கள் உண்டு. அந்தக் கோட்டைத் தாண்டிய நொடியில் சத்தத்தின் குணம் மாறினால் அது டயரும் சாலையும் சேர்ந்து எழுப்பும் ஓசை. மும்பை–புணே விரைவுச்சாலையில் போய் வந்தவர்களுக்குக் கான்கிரீட் எழுப்பும் அந்தச் சன்னமான ஊளை நன்கு தெரிந்திருக்கும். எதிர்க்காற்றிலும், லாரியை முந்தும் கணத்திலும் ஏறி இறங்குவது காற்றின் சத்தம். கதவு இடுக்குகளின் மேல் பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டு அதே சாலையில் மீண்டும் ஓட்டிப் பார்த்தால், காற்று எந்த இடுக்கில் நுழைகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கைப்பேசியில் கிடைக்கும் ஒலி அளவீட்டுச் செயலியை நானும் பயன்படுத்தினேன். முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்; ஆனால் அதை முழுவதும் நம்பிவிடக் கூடாது. பெரும்பாலான செயலிகள் மனிதக் காதின் இயல்புக்கேற்பத் திருத்தப்பட்ட ஏ-எடையிட்ட டெசிபலைக் காட்டுகின்றன. அந்த அளவுகோல் 100 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 100 அதிர்வுகள்) ஒலியை ஏறக்குறைய 19 டெசிபலும், 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபலும் குறைத்துக் கணக்கிடுகிறது. நீண்ட பயணத்தில் தலையைக் கனக்க வைக்கும் 'கும்' என்ற தாழ்ந்த அதிர்வு அந்த எண்ணில் பெரும்பாலும் தென்படாது. செயலி நன்றாகக் காட்டுகிறது என்பதற்காகத் தலைவலி தீர்ந்துவிட்டது என்று பொருள் கொள்ள முடியாது.

இரைச்சல் உள்ளே வரும் வழிகள் இரண்டு. ஒன்று காற்றின் வழி: வெளியே எழும் ஒலி இடுக்குகளின் ஊடாகவும் தகடு, கண்ணாடி ஆகியவற்றின் ஊடாகவும் நுழைவது. மற்றொன்று உடலின் வழி: சாலையின் கரடுமுரடு டயரை அசைக்க, டயர் சஸ்பென்ஷனை அசைக்க, அது காரின் கூட்டை அசைத்து, தரைத் தகடும் கூரைத் தகடும் ஒலிபெருக்கியின் சவ்வு போல நடந்துகொள்வது. பொதுவாக 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை உடலின் வழியாகவும் அதற்கு மேலே உள்ளவை காற்றின் வழியாகவும் அதிகம் வருகின்றன. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. காற்று வழி வருவதற்கு அடைப்பும் கனமும் தேவை. உடல் வழி வருவதற்கு அதை உண்டாக்கும் உறுப்பைச் சரிசெய்வதும் தகட்டின் அதிர்வை அடக்குவதும் தேவை.

டயரிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அதுதான் முதலிடம் பிடிக்கிறது. பழைய காரை வைத்திருப்பவர்களில் பலர் குறைவாக ஓட்டுகிறார்கள். டயரில் பட்டன் தேயவில்லை, ஆகவே டயர் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். டயரின் பக்கச் சுவரில் தயாரிப்புக் குறியீட்டின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3516 என்றால் 2016-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். நம் ஊர் வெயிலில் ஏழெட்டு ஆண்டுகள் நின்ற டயரின் ரப்பர், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும், இறுகிப் போயிருக்கும். இறுகிய ரப்பர் சாலையின் சிறு சிறு மேடுகளை உள்வாங்காமல் தட்டிக்கொண்டே போகிறது, சத்தம் கூடுகிறது, மழையில் பிடிப்பும் குறைகிறது. உள்ளங்கையை டயரின் மேல் முன்னும் பின்னுமாகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் பட்டால் பட்டன்கள் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன. ஆங்காங்கே பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை மாற்றாமல் புது டயர் போட்டால் அதுவும் சில மாதங்களில் அதே கதிக்கு ஆளாகும்.

டயருக்குள்ளே இன்னொரு சத்தமும் ஒளிந்திருக்கிறது. டயருக்கும் ரிம்முக்கும் நடுவே வளையமாக அடைபட்டிருக்கும் காற்று, தனக்கே உரிய ஓர் அதிர்வெண்ணில் ஒலிக்கக்கூடியது. 155/80 ஆர்13 அளவுள்ள டயரில் அந்த வளையத்தின் நடுச் சுற்றளவு சுமார் 1.43 மீட்டர், ஒலியின் வேகமான வினாடிக்கு 343 மீட்டரை அதனால் வகுத்தால் 240 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது. சாலைப் பாலங்களின் இணைப்புகளிலும் குழிகளிலும் ஏறும்போது 'டொய்ங்' என்று கேட்கும் ஒலி பெரும்பாலும் இதுதான். விலை உயர்ந்த சில டயர்களின் உட்சுவரில் நுரைப்பட்டை ஒட்டப்பட்டிருப்பது இதை அடக்கத்தான். சிறிய கார்களின் அளவில் அவை எளிதில் கிடைப்பதில்லை என்பதால் அதைப் பற்றிக் கவலைப்படாமல், கம்பெனி கொடுத்த அகலத்திலேயே, கம்பெனி சொன்ன காற்றழுத்தத்திலேயே, பெரிய கட்டைப் பட்டன்கள் இல்லாத வடிவமைப்பில் புது டயர் போட்டுக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது. அழகுக்காக அகல டயரும் பெரிய ரிம்மும் போட்டுவிட்டு, பிறகு அதே வண்டிக்கு டேம்பிங் செய்யக் காசு கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். டயர்களின் மேல் ஐரோப்பியச் சான்றுச் சீட்டு இருந்தால் அதில் ஒரு டெசிபல் எண் இருக்கும். அது காருக்கு வெளியே, சாலையோரத்தில் அளக்கப்பட்டது. காருக்குள் அமைதி இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

டயருக்கு அடுத்து சக்கர பேரிங். டயர் இரைச்சலும் பேரிங் இரைச்சலும் காதுக்கு ஏறத்தாழ ஒன்று போலவே இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். அகலமான வெறுஞ்சாலையில் மிதமான வேகத்தில் வண்டியை மெதுவாக வலமும் இடமுமாக வளைத்து ஓட்டினால், எடை ஒரு பக்கச் சக்கரத்தின் மேல் ஏறும்போது மட்டும் ஊளை கூடுவது பேரிங் தேய்ந்ததற்கு அடையாளம். டயர் இரைச்சல் அப்படி மாறுவதில்லை. என் காரை நான் வழக்கமாகக் கொண்டுபோகும் பட்டறையில் டேம்பிங் பற்றிக் கேட்டபோது மெக்கானிக், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார், மொதல்ல வலது முன்பக்க பேரிங்கை மாத்துங்க" என்றார். அவர் சொன்னது சரி. பேரிங் மாற்றியதும் கிடைத்த அமைதி, பின்னால் நான் ஒட்டிய எந்த ஷீட்டும் கொடுத்ததைவிடப் பெரியது. கூடவே சஸ்பென்ஷனில் உள்ள லோயர் ஆர்ம் புஷ்களையும், ஸ்டெபிலைசர் லிங்க்குகளையும், ஸ்ட்ரட்டின் மேல் முனையில் இருக்கும் ரப்பர் மவுண்ட்டையும் பார்த்துவிட வேண்டும். இந்த ரப்பர்கள்தாம் சக்கரத்துக்கும் காரின் கூட்டுக்கும் நடுவே நிற்கும் காவல். வெடித்துப் போன ரப்பர் வழியாக இரும்பு இரும்பைத் தொட்டால், உள்ளே எவ்வளவு ஒட்டினாலும் பயன் இல்லை.

இன்ஜின் மவுண்ட்டும் சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர்களும் இதே வகை. இங்கே ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிப்பு நிகழ்கிறது. ஆகவே நிமிடத்துக்கு 2,600 சுற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 87 உந்துதல்கள். சிறிய காரின் உள்ளறை நீளத்தைச் சுமார் 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் அடைபட்ட காற்று முன்னும் பின்னுமாக ஊசலாடும் இயல்பான அதிர்வெண் 86 ஹெர்ட்ஸ் அளவில் வருகிறது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போதுதான் காதை அமுக்கும் அந்த 'கும்' எழுகிறது. என் காரில் ஐந்தாவது கியரில் 80-ஐ ஒட்டி அது வரும், 70-இல் இருக்காது, 90-இல் மறைந்துவிடும். காருக்குள் காற்று இருக்கும்வரை அந்த இயல்பு அதிர்வெண்ணை மாற்ற முடியாது; ஆனால் அதைத் தூண்டிவிடும் அதிர்வைக் குறைக்க முடியும். தளர்ந்து தொய்ந்திருந்த இன்ஜின் மவுண்ட்டை மாற்றி, சைலன்சரின் ஒரு ரப்பரைப் புதிதாகப் போட்டதும் அந்தக் 'கும்' பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு இறங்கிவிட்டது.

இனி கசிவுகள். ஒலியியலில் எளிய விதி ஒன்று உண்டு: ஒரு தடுப்பின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி எவ்வளவு கனமான பொருளாக இருந்தாலும் அந்தத் தடுப்பால் மொத்தமாக 20 டெசிபலுக்கு மேல் தடுக்க இயலாது, ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் எல்லை 30 டெசிபல். கதவைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பர் பதினைந்து ஆண்டுகளாக அமுங்கி அமுங்கித் தட்டையாகிவிட்ட ஒரு காரில், கதவுத் தகட்டுக்கு ஷீட் ஒட்டுவது இந்த விதியை மறந்த செயல். ஒரு பத்து ரூபாய்த் தாளைப் பீடிங்கின் மேல் வைத்துக் கதவை மூடிவிட்டு இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை. கதவைச் சுற்றிலும் ஒரு சாண் இடைவெளியில் இப்படிச் சோதித்தால் ஒரு வரைபடமே கிடைத்துவிடும். சில இடங்களில் ரப்பர் நன்றாக இருந்தும் கதவு உள்ளே போதுமான அளவு இழுபடாமல் இருக்கலாம். அப்போது கதவுக் கொக்கி மாட்டும் ஸ்ட்ரைக்கரின் திருகுகளைத் தளர்த்தி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி முறுக்கினால் போதும். பீடிங்கை மாற்றத்தான் வேண்டும் என்றால் புதியதாக வாங்குவதே சரி. பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் பழைய காரின் கதவையோ கண்ணாடியையோ வாங்குவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பழைய ரப்பரை வாங்கிப் பழைய ரப்பருக்குப் பதிலாகப் போடுவதில் இல்லை.

கதவின் உட்பலகையைக் கழற்றியவர்கள் அதன் பின்னே ஒரு பிளாஸ்டிக் தாளைப் பார்த்திருப்பார்கள். மழைநீர் உள்ளே வராமல் தடுப்பதோடு ஓரளவு சத்தத்தையும் அது தடுக்கிறது. கண்ணாடி ஏற்றி இறக்கும் மெஷினை எப்போதாவது பழுதுபார்த்திருந்தால், அந்தத் தாளைக் கிழித்து எடுத்துவிட்டு அப்படியே மூடியிருப்பார்கள்; பழைய கார்களில் இது ஏறக்குறைய வழக்கம். கெட்டியான பாலித்தீன் தாளை வெட்டி, பியூட்டைல் என்ற ரப்பர் வகைப் பசைக் கயிற்றால் சுற்றிலும் ஒட்டிவிட்டால் மிகக் குறைந்த செலவில் தெளிவான பலன் கிடைக்கிறது. கதவின் அடியில் இருக்கும் நீர் வடிதுளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடித்துப் போகும். அதேபோல் பின் பம்பருக்குள் ஒளிந்திருக்கும் காற்றோட்டத் திறப்புகளையும் அடைக்கக் கூடாது. அவை அடைபட்டால் கதவை மூடும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியின்றிக் கதவு எதிர்த்துத் தள்ளும்.

இன்ஜின் அறைக்கும் நமக்கும் நடுவே உள்ள பயர்வால் தனிக் கவனத்துக்கு உரியது. இரவில் பானெட்டைத் திறந்து ஒரு விளக்கைப் பயர்வாலின் அருகே வைத்துவிட்டு, உள்ளே தரையில் குனிந்து டேஷ்போர்டின் அடியில் பார்த்தால், ஒளி தெரியும் இடமெல்லாம் ஒலி வரும் இடம். ஸ்டியரிங் கம்பியின் ரப்பர் உறை, கிளட்ச் கேபிள் நுழையும் துளை, ஏசி குழாய்கள், ஒயர்க் கட்டுகள் ஆகியவற்றின் ரப்பர் வளையங்கள் விரிந்தோ நழுவியோ இருக்கும். ஆம்ப்ளிஃபையருக்காகவோ கூடுதல் ஹாரனுக்காகவோ யாரோ துளையிட்டு, ரப்பர் வளையம் போடாமல் ஒயரை மட்டும் இழுத்திருப்பார்கள். ஒயர் தகட்டில் உராய்ந்து தீப்பிடிக்கும் ஆபத்தும் அதில் இருப்பதால் சத்தத்துக்காக இல்லாவிட்டாலும் அதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் டேம்பிங் ஷீட்டின் முறை வருகிறது. எவர்சில்வர் தாம்பாளத்தைத் தட்டிவிட்டு விரலால் தொட்டால் ஓசை சட்டென்று அடங்குமே, ஷீட் செய்வது அந்த வேலை. தகடு வளைந்து அதிரும்போது, அதற்கும் மேலே உள்ள அலுமினியத் தாளுக்கும் நடுவே சிக்கிய பியூட்டைல் பசை இருபுறமும் இழுபட்டு, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது. அலுமினியத் தாள் அழகுக்கோ வெப்பத்துக்கோ என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தத் தாள் பசையைப் பிடித்து நிறுத்துவதால்தான் இந்த இழுபறி நடக்கிறது, அது இல்லாவிட்டால் பலன் பெரிதும் குறையும். அமெரிக்க ஒலியியலாளர் எட்வர்ட் கெர்வின் 1959-இல் இந்த அமைப்பின் கணக்கை வெளியிட்டார். விமானங்களிலிருந்து கார்கள் வரை இன்றும் அதன் அடிப்படையில்தான் வேலை நடக்கிறது.

ஒரு தகட்டின் முழுப் பரப்பையும் மூட வேண்டிய தேவையில்லை என்பது இதில் முக்கியமான செய்தி. தகட்டின் நடுவே நாலில் ஒரு பங்கு பரப்பை மூடினாலே பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடும். அதற்குமேல் ஒட்ட ஒட்டக் கூடுதல் பலன் குறைந்துகொண்டே போகும். கடைக்காரர் சதுர அடிக் கணக்கில் விற்பதால் இதை அவர் சொல்ல மாட்டார். விரல் முட்டியால் தகட்டைத் தட்டிப் பார்த்து, 'டங்' என்று நீண்டு ஒலிக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். 'டப்' என்று உடனே அடங்கும் இடத்தில் வேண்டாம். வளைவும் மடிப்பும் உள்ள இடங்கள் தாமாகவே விறைப்பாக இருக்கும். கதவின் வெளித் தகடு, ஸ்டெப்னி வைக்கும் குழி, பின்சக்கர வளைவுகள், கூரை ஆகியவையே அதிகம் அதிர்பவை. கூரையில் ஒட்டினால் மழை பெய்யும்போது கேட்கும் தகரக் கொட்டகைச் சத்தமும் குறையும், ஆனால் கூரை லைனிங்கைக் கசங்காமல் கழற்றி மாட்டத் தெரிந்தவர் கையில்தான் அந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது பியூட்டைலா, தார்க் கலவையா என்று கேட்டு வாங்குங்கள். தார்க் கலவை ஷீட் மலிவு. ஏப்ரல், மே மாதங்களில் வெயிலில் நின்ற காருக்குள் அதன் வாடை வரும், கூரையிலும் கதவிலும் பசை விட்டுத் தொங்கும். ஒட்டும் இடத்தைத் தின்னரால் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் நீங்கிய பிறகு ஒட்டி, சிறு உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அலுமினியத்தின் மேல் உள்ள புடைப்புகள் தட்டையாகும்வரை தேய்ப்பதுதான் அளவு. வெயில் காலத்தில் செய்தால் பசை தானாக இளகி நன்றாகப் பிடிக்கும். இருக்கையைக் கழற்றும்போது மஞ்சள் நிற கனெக்டர்கள் தென்பட்டால் அவை ஏர்பேக் சார்ந்தவை. பேட்டரி இணைப்பை எடுக்காமல் அவற்றைத் தொடக் கூடாது.

இதற்குமேல் செல்ல விரும்புபவர்களுக்குத் தடுப்பும் உறிஞ்சலும் இருக்கின்றன. காற்று வழி வரும் ஒலியைத் தடுப்பது கனம் மட்டுமே. 0.7 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 5.5 கிலோ எடை உடையது; அந்த எடையை இரட்டிப்பாக்கினால் கோட்பாட்டின்படி 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். கனமான வினைல் விரிப்பைத் தரையில் போடுவது இந்த நோக்கத்தில்தான். கால்மிதிக்குப் பயன்படும் மெல்லிய நுரை ஷீட்டுகளுக்குக் கனம் இல்லாததால் அவை எதையும் தடுப்பதில்லை. மூடிய துளைகள் கொண்ட நுரை என்றால் உறிஞ்சுவதும் இல்லை. ஃபெல்ட் போன்ற நாரால் ஆன பொருள்கள் உறிஞ்சும், ஆனால் அவற்றின் தடிமன் ஒலியலையின் நீளத்தில் நாலில் ஒரு பங்கை நெருங்கும்போதுதான் நன்றாக உறிஞ்சும். 1,000 ஹெர்ட்ஸுக்கு அது 8.6 சென்டிமீட்டர், 100 ஹெர்ட்ஸுக்கு 86 சென்டிமீட்டர். ஆகவே ஒரு அங்குல ஃபெல்ட் உயர் அதிர்வெண் சீறலைத் தணிக்கும், 'கும்' என்ற ஒலியை ஒன்றும் செய்யாது.

கார்ப்பெட்டின் அடியில் பழைய துணிக் கழிவிலிருந்து செய்த ஃபெல்ட்டையோ சணல் ஃபெல்ட்டையோ போடுவது மலிவான வழி, பலனும் உண்டு. ஆனால் அது தண்ணீரை உறிஞ்சினால் விடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நனைந்த கார்களின் தரை, மேலே கார்ப்பெட் காய்ந்து வாடை போன பிறகும், அடியில் ஈரம் தங்கித் துருவேறியதை டிங்கரிங் பட்டறைகளில் பலர் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் தேங்கும் தெருவில் வசிப்பவர் ஃபெல்ட்டைத் தவிர்ப்பதே நல்லது. நான் டிக்கியின் பக்கவாட்டிலும் பின்சக்கர வளைவுகளின் மேலும் மட்டும் போட்டிருக்கிறேன், தரையில் போடவில்லை.

எடையையும் மனதில் வைக்க வேண்டும். 2020-இல் வந்த ரோல்ஸ்-ராய்ஸ் கோஸ்ட்டில் ஒலித்தடுப்புப் பொருள்கள் மட்டுமே 100 கிலோவுக்கு மேல் இருக்கின்றன. உள்ளே அளவுக்கு மீறி அமைதியாகிவிட்டதால் பொறியாளர்கள் மெல்லிய ஓசையை மீண்டும் சேர்க்க வேண்டியிருந்ததாக அந்நிறுவனமே தெரிவித்தது. 850 கிலோ எடையுள்ள சிறிய காரில் நாம் அந்தப் பந்தயத்தில் இறங்க முடியாது. 20 கிலோவுக்குள் முடித்துக்கொண்டால் மைலேஜும் இழுவையும் குறிப்பிடும்படி பாதிக்கப்படுவதில்லை. அமைதி கூடக் கூட இதுவரை மறைந்திருந்த சிறு சத்தங்கள் வெளியே வரும் என்பதும் எதிர்பார்க்க வேண்டியது. டயர் இரைச்சல் இறங்கியதும் என் காரில் க்ளவ் பாக்ஸின் மூடி, சீட் பெல்ட் கொக்கி, பின்தட்டு ஆகியவை பேசத் தொடங்கின. துணிநாடாவை வெட்டி ஒட்டி ஒவ்வொன்றாக வாயடைத்தேன்.

கடைசியாக நிற்பது காற்று. சதுரமான பழைய வடிவங்களில், முன்தூண் ஓரத்திலும் பக்கக் கண்ணாடியைச் சுற்றியும் எழும் சீறலை முழுவதும் ஒழிக்க வழியில்லை. கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் தடத்தில் உள்ள ரப்பரைப் புதிதாகப் போட்டு, சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தால் ஓரளவு குறையும். பயன்படாத ரூஃப் கேரியர் இருந்தால் கழற்றிவிட வேண்டும். மற்றபடி காற்றின் இரைச்சல் வேகத்தின் ஆறாம் மடியை ஒட்டி ஏறுவது. 80-இலிருந்து 100-க்குப் போனால் அது மட்டுமே ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது, டயர் இரைச்சல் 3 முதல் 4 டெசிபல் கூடுகிறது. இவ்வளவு வேலையும் செய்து நான் மீட்டெடுத்தது சுமாராக அந்த அளவுதான் என்பதால், திருச்சிக்குப் போகும்போது 80-ஐத் தாண்டுவதில்லை. கணக்குப்படி, 100-இல் போவதைவிட முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆக வேண்டும். சுங்கச்சாவடி வரிசைகளும் ஊர்களும் இடையில் இருப்பதால் நடைமுறையில் அவ்வளவு ஆவதில்லை. இன்னும் மிச்சமிருப்பது பின்சக்கர வளைவுகளின் வெளிப்புறம். அங்கே லைனர் இல்லாததால் சரளைக் கற்கள் நேராகத் தகட்டில் தெறிக்கின்றன. அடுத்த முறை சக்கரங்களைக் கழற்றும்போது துருவைச் சுரண்டிவிட்டு அண்டர்கோட்டிங் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். மழைக்காலம் தொடங்குவதற்குள் அதை முடித்துவிட வேண்டும்.